கடிவாளம் இல்லாத பருவம்

1993 மார்ச் 2, ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்ஸ்பேர்க் ஐஸ் ஹொக்கி அணியின் தலைவர் மரியோ லெமியூ காலையில் தன் கடைசிக் கதிர்வீச்சுச் சிகிச்சையை முடித்தார். கழுத்தில் வந்த கட்டியைச் சோதித்துவிட்டு, ஹொட்ஜ்கின் வகைப் புற்றுநோய் என்று ஜனவரியில் சொல்லியிருந்தார்கள். சிகிச்சை முடிந்த கையோடு விமானம் ஏறிப் பிலடெல்பியா போனார். அன்றிரவே ஐஸில் இறங்கினார். கதிர்வீச்சில் வெந்துபோன கழுத்தை மூடிக் கழுத்துயர்ந்த உட்சட்டை ஒன்று. ஒரு கோல் போட்டார், இன்னொன்றுக்கு பக்கை, அதாவது அடித்து ஆடுகிற அந்த றப்பர் வட்டை, எடுத்துக் கொடுத்தார். சொந்த ஆட்களையே கூவி விரட்டுகிற பிலடெல்பியா ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிற்ஸ்பேர்க் 5-4 என்று தோற்றது. அது யாருக்கும் நினைவில் இல்லை.

அதே இரவு வினிபெக்கில் 22 வயதுப் பின்லாந்து இளைஞர் ரீமு செலானே, கியூபெக் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டார். மூன்றாவது, அந்தப் பருவத்தில் அவருடைய 54ஆவது கோல். ஒரு புதுமுக வீரர் போட்ட ஆகக் கூடிய கோல்கள் என்று மைக் பொஸி 1977-78 இல் வைத்த 53 என்ற கணக்கு அங்கே உடைந்தது. செலானே கையுறையைக் கழற்றி மேலே எறிந்தார். ஸ்ரிக்கைத் துப்பாக்கியாகப் பிடித்து, பறக்கிற கையுறையைச் சுட்டு விழுத்துவதுபோல் காட்டினார். பருவத்தில் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தது. முடியும்போது அவரிடம் 76 கோல்கள்.

இரண்டும் ஒரே நாளில் நடந்தன என்பதை நான் வெகு காலம் கழித்துத்தான் கவனித்தேன். மற்ற வருடங்களில் ஒரு பருவம் முழுவதற்கும் போதுமான சங்கதிகள் அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக்குள் நடந்து முடிந்தன.

1992-93 பற்றிப் பேச்செடுத்தால் பழைய ஐஸ் ஹொக்கி ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பகுதி கோல் கணக்குச் சொல்லும். மற்றப் பகுதி, அதாவது ரொறன்ரோக்காரர், பல்லைக் கடிக்கும். நான் இரண்டாம் பகுதி. ஆனால் அந்தப் பருவத்தை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. அந்த ஒரு வருடம் அந்த விளையாட்டின் கடிவாளம் எவர் கையிலும் இருக்கவில்லை. லீக்கை நடத்துகிறவர்கள் கையிலும் இல்லை, பயிற்சியாளர்கள் கையிலும் இல்லை. அதற்குப் பிறகு ஒழுங்கு வந்தது. ஒழுங்கோடு சேர்த்து வேறு சிலதும் வந்தன.

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். 1992 ஏப்ரலில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பத்து நாள். அதோடு லீக் தலைவர் ஜோன் சீக்லர் போனார். இடையில் கில் ஸ்ரைன் கொஞ்ச மாதம் இருந்தார். 1993 பெப்ரவரி முதலாம் திகதி கூடைப்பந்து லீக்கிலிருந்து கரி பெற்மன் என்ற வழக்கறிஞரைக் கொண்டுவந்து ஆணையாளர் நாற்காலியில் இருத்தினார்கள். லெமியூவும் செலானேயும் அந்த இரவைப் படைத்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்.

எரிக் லின்ட்றோஸ் என்ற இளம் வீரரின் விவகாரம் இன்னும் வேடிக்கை. 1991 இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கிற தெரிவில், முதல் ஆளாகக் கியூபெக் அவரைத் தெரிவு செய்தது. உங்களுக்கு ஆடமாட்டேன் என்று அவர் ஒரு வருடம் நின்றார். கடைசியில் கியூபெக் அவரை விற்றது, ஒரே நேரத்தில் இரண்டு அணிகளுக்கு! பிலடெல்பியாவா நியூயோர்க் றேஞ்சர்ஸா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவரைப் பிடிக்கவேண்டி வந்தது. அவர் பிலடெல்பியா என்றார். பதிலுக்குக் கியூபெக்குக்கு அரை அணியும் 15 மில்லியன் டொலரும் கிடைத்தன. அந்த அரை அணிக்குள் பீற்றர் போர்ஸ்பேர்க் என்ற சுவீடன் பையன் ஒருவர் இருந்தார். அவரைப் பிறகு பார்ப்போம்.

புது அணிகள் வேறு. முந்தைய வருடம் சான் ஹொசே, இந்த வருடம் ஒட்டாவாவும் ரம்பா பேயும். ரம்பா தன் பயிற்சி ஆட்டம் ஒன்றில் மனோன் றியோம் என்ற பெண்ணைக் கோலியாக, அதாவது கோல் காப்பவராக, நிறுத்தியது. என்.எச்.எல். அணிக்கு ஆடிய முதல் பெண் அவர்தான். விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஒன்பது அடிகளில் ஏழைத் தடுத்தார் என்பதிலும் இல்லை.

ஒட்டாவா முதல் ஆட்டத்தில் மொன்றியலை 5-3 என்று வென்று ஊரையே ஏமாற்றியது. அப்புறம் 70 தோல்வி. சான் ஹொசேக்கு 71. பாதுகாப்பில் ஆள் போதாத இரண்டு மூன்று அணிகள் லீக்குக்குள் வந்தால் கோல் கொட்டாமல் என்ன செய்யும்? அத்தோடு நடுவர்கள் விசிலை அடிக்கடி ஊதினார்கள். தண்டனைப் பெட்டிக்குள் ஒருவர் போய்க் குந்தினால் எதிரணி ஒரு ஆள் கூடுதலாக நின்று ஆடும். கோலிகளின் கால்கவசமும் இன்றைக்குப் போல மெத்தை அளவில் இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது, கிழக்கே திறந்த கதவு. அலெக்சாண்டர் மொகில்னி 1989 இல் சோவியத் அணியோடு ஸ்ரொக்ஹோமுக்கு வந்தவர். அங்கிருந்தே இரகசியமாகக் கழன்று பஃபலோவுக்குப் பறந்தார். மூன்று வருடத்துக்குள் ஓடிவந்த நாடே இல்லாமல் போய்விட்டது. 1992-93 இல் அவரும் 76 கோல்கள் போட்டார், அதுவும் 77 ஆட்டங்களில். வன்கூவரில் பவெல் பூறே 60. இவர்களை எப்படி மறிப்பது என்று வட அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

அந்தப் பருவத்தில் 14 பேர் ஐம்பது கோல்களைத் தொட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்த்துச் சராசரி 7.25 கோல்.

இதற்கெல்லாம் மேலே லெமியூ. கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு முன் பக்கைக் கடத்திய இருவருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி, இதுதான் ஹொக்கிக் கணக்கு. நோய் என்று விலகும்போது 40 ஆட்டங்களில் அவரிடம் 104 புள்ளிகள் இருந்தன. படுக்கையில் இருந்த நாட்களில் பஃபலோவின் பற் லபொன்ரேன் அவரைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வந்து மிச்சமிருந்த 20 ஆட்டங்களில் லெமியூ எடுத்தது 56 புள்ளிகள், அதில் 30 கோல். முடிவில் லெமியூ 160, லபொன்ரேன் 148. அணிகள் 84 ஆட்டம் ஆடிய பருவத்தில் 60 ஆட்டம் மட்டும் ஆடி, அதில் மூன்றிலொரு பங்கைக் கதிர்வீச்சுக்குப் பிறகு ஆடி, பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் முதலாவது. ஆகச் சிறந்தவர் என்று எல்லாரும் சொல்லும் கிறெற்ஸ்கியின் எந்த வருடத்தைக் காட்டினாலும் சரி, ஒருவர் ஆடிய ஆகச் சிறந்த பருவம் இதுதான் என்று நான் வாதாடுவேன். கிறெற்ஸ்கி ஒரு பருவத்தில் 215 எடுத்தவர் என்பது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

லெமியூ திரும்பிய பிறகு பிற்ஸ்பேர்க் தொடர்ந்து 17 ஆட்டம் வென்றது. இன்றுவரை அதுவே லீக்கின் சாதனை. பதினேழாவது வெற்றி ஏப்ரல் 10 ஆம் திகதி. அதே நாளில் ஒட்டாவா, நியூயோர்க் ஐலண்டர்ஸின் அரங்கில் 5-3 என்று வென்றது. வெளியூர் ஆட்டங்களில் தொடர்ந்து 38 தோல்விக்குப் பிறகு அந்தப் பருவத்தின் முதல் வெளியூர் வெற்றி, கடைசியும் அதுதான். அணித் தலைவர் லோறி பொஸ்மன் மூன்று கோல் போட்டார். ஒரே நாளில் லீக்கின் ஆக நீண்ட வெற்றி வரிசை நிறைவு பெற்றது, வெளியூர்த் தோல்வி வரிசை அறுந்தது. மார்ச் 2 எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 10ஐ யாரும் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட பிற்ஸ்பேர்க்தான் லீக்கின் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை எடுக்கும் என்று எல்லாரும் எழுதி வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு வருடம் தொடர்ந்து எடுத்தவர்கள் வேறு. இரண்டாம் சுற்றில், அதே ஐலண்டர்ஸ், தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், முதல் கோல் போடுகிறவர் வெல்கிற ஓவர்ரைம். டேவிட் வொலெக் என்ற செக் நாட்டுக்காரர் ஒரு கோல் அடித்தார், கதை முடிந்தது. ஐலண்டர்ஸின் சிறந்த வீரர் பியர் ரேர்ஜன் காயத்தால் அந்தத் தொடரில் பெரும்பாலும் வெளியே. இருந்தும் பிற்ஸ்பேர்க் வீட்டுக்குப் போனது.

இனி ரொறன்ரோ.

அந்த நாட்களில் நான் ஸ்காபரோவில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போது ஏதாவது ஒரு குசினியில்தான் நின்றார்கள். எனக்கு ஹொக்கி பற்றித் தெரிந்தது, ஐஸில் சறுக்குகிறார்கள், அடிபடுகிறார்கள், அவ்வளவுதான். அலுமாரிக்கு மேலே ஒரு சின்ன ரீவி. அதில் ஒவ்வொரு இரவும் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீவ்ஸ். முந்தைய இரண்டு வருடமும் கிண்ணத்துக்கான பிளேஓவ் சுற்றுகள் பக்கமே போகாத அணி, திடீரென்று அணிகளின் பட்டியலில் 99 புள்ளியோடு நின்றது. நடுவில் டக் கில்மோர். கல்கரியிலிருந்து 1992 ஜனவரியில் பத்துப் பேர் கைமாறிய ஒரு வியாபாரத்தில் வந்தவர், ஒல்லியான மனிதர். ஆட்டத்துக்கு ஆட்டம் இன்னும் மெலிந்துகொண்டே போனார். அந்தப் பருவத்தில் 127 புள்ளிகள். பயிற்சியாளர் பற் பேர்ன்ஸ், முன்னாள் பொலிஸ்காரர், மொன்றியலை விட்டு வந்தவர். முகத்தைப் பார்த்தாலே இன்னும் பொலிஸில்தான் இருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும்.

முதல் சுற்றில் டெற்றோயிற். ஏழாவது ஆட்டம், ஓவர்ரைம், நிக்கொலாய் போர்செவ்ஸ்கி என்ற ரஷ்யர். முதல் ஆட்டத்தில் கண்குழி எலும்பு உடைந்து போனவர், முகக்கவசத்தோடு திரும்பி வந்து பக்கை இலேசாகத் திருப்பிவிட்டார். யங் வீதி நிரம்பி வழிந்தது. இரண்டாம் சுற்று சென்ற் லூயிஸ், அதுவும் ஏழு ஆட்டம். மூன்றாவது லொஸ் ஏஞ்சலிஸ், அதாவது வெய்ன் கிறெற்ஸ்கி. முதுகுத் தண்டுத் தட்டு விலகி அந்தப் பருவத்தில் 39 ஆட்டம் ஆடாதவர். ஐந்தாம் ஆட்டம் முடிந்ததும் முதுகில் பியானோவைச் சுமந்துகொண்டு சறுக்குகிறார் என்று ரொறன்ரோப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். எழுதியிருக்கக் கூடாது.

மே 27, ஆறாம் ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸில். லீவ்ஸ் 3-2 என்று தொடரில் முன்னுக்கு. இதை வென்றால் இறுதியில் மொன்றியல். ஸ்ரான்லி கிண்ணத்தின் நூறாவது ஆண்டில் ரொறன்ரோவும் மொன்றியலும்! 1967 இல் அவர்களை வென்று கிண்ணம் எடுத்ததுதான் லீவ்ஸின் கடைசிக் கிண்ணம். கனடா முழுக்க அந்த ஒரு நினைப்பில் கிடந்தது. 4-2 என்று பின்னுக்கு நின்ற ஆட்டத்தை வென்டல் கிளார்க் தனி ஆளாக 4-4 ஆக்கினார், அன்று அவருக்கு மூன்று கோல். நேரம் முடியப் பதின்மூன்று வினாடி இருக்கும்போது கிளென் அண்டர்சன் ஒருவரைப் பலகையோடு மோதித் தள்ளித் தண்டனை வாங்கினார். ஓவர்ரைம் தொடங்கும்போது லொஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு ஆள் கூடுதல்.

எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. கடை பூட்டியாயிற்று, நிலம் கழுவ வேண்டியதுதான் மிச்சம். யாரும் தும்புத்தடியைத் தொடவில்லை. போர்த்துக்கேயச் சமையல்காரர் அடுப்புக்குப் பக்கத்தில், எனக்கு வேலை எடுத்துத் தந்த அண்ணை வாளியைக் கவிழ்த்து அதன்மேல். கிறெற்ஸ்கியின் ஸ்ரிக் மேலே எழும்பிக் கில்மோரின் நாடியில் பட்டது. கில்மோர் குனிந்தார். நாடியைத் தொட்டுக் கையைப் பார்த்தார். இரத்தம். நடுவர் கெரி பிறேசர் வந்து கேட்டார். இரண்டு கோட்டு நடுவர்களையும் கூப்பிட்டுப் பேசினார். கிறெற்ஸ்கி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார், பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்த பையன் நிற்பதுபோல. பிறகு பிறேசர் கையைத் தூக்கவில்லை. தண்டனை இல்லை.

"தம்பி, அது கிறெற்ஸ்கி. வேற ஆரும் எண்டா இப்ப பெட்டிக்குள்ள" என்றார் அண்ணை.

சமையல்காரர் சொன்னதை எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் அதே கிறெற்ஸ்கி கோல் போட்டார். கில்மோருக்கு எட்டுத் தையல்.

பிறேசர் தான் அதைக் காணவில்லை என்று பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொன்னார். காணவில்லை என்பதை நான் நம்புகிறேன்.  அந்தக் காலத்தில் ஐஸில் தண்டனை கொடுக்க ஒரே ஒரு நடுவர்தான். சில வருடங்கள் கழித்துத்தான் இரண்டாக்கினார்கள். ஆனால் ரொறன்ரோவில் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், அதுவும் இங்கே எடுபடாது. அந்த விசிலால் மட்டும் நாங்கள் தோற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, எங்கள் சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டம் இருந்தது. கிறெற்ஸ்கி மூன்று கோல் போட்டு இன்னொன்றுக்கு வழி செய்தார். அவருடைய கடைசிக் கோல், வலைக்குப் பின்னாலிருந்து அடித்தது, எங்கள் டேவ் எலற்றின் சப்பாத்தில் பட்டு உள்ளே போனது. 5-4. தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். 42 இரவில் 21 ஆட்டம் ஆடிய லீவ்ஸுக்கு அன்று காலில் உயிர் இல்லை. கில்மோரைப் பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்போல இருந்தார்.

மொன்றியல் கதையை ரொறன்ரோக்காரன் மனசார எழுதுவது கஷ்டம். ஆனால் அந்த வருடத்தின் விசித்திரத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. கோல் மழை பெய்த பருவத்தில் கிண்ணத்தை எடுத்த அணியில் நூறு புள்ளி எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. கோலில் பற்றிக் றுவா நின்றார், அவ்வளவுதான். முதல் சுற்றில் கியூபெக்கிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றார்கள், அதில் ஒன்று ஓவர்ரைமில். அதற்குப் பிறகு ஓவர்ரைமுக்குப் போன பத்து ஆட்டத்திலும் வென்றார்கள். பத்துக்குப் பத்து. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அப்படி விழாது.

இறுதித் தொடரில் லொஸ் ஏஞ்சலிஸ் முதல் ஆட்டத்தை எடுத்தது. இரண்டாவதிலும் 2-1 என்று முன்னுக்கு, இன்னும் 1 நிமிடம் 45 வினாடி. அப்போது மொன்றியல் பயிற்சியாளர் ஜாக் டெமேர்ஸ், மார்ற்றி மக்சோர்லியின் ஸ்ரிக்கை அளந்து பார்க்கச் சொன்னார். ஸ்ரிக் நுனியின் வளைவு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அளவு சரியாக இருந்தால் தண்டனை மொன்றியலுக்கே திரும்பும், தொடரும் அநேகமாகக் கையை விட்டுப் போகும். அளந்தவர் வேறு யாருமில்லை, கெரி பிறேசர். வளைவு அதிகம். மக்சோர்லி பெட்டிக்குள் போனார். டெமேர்ஸ் றுவாவையும் வெளியே எடுத்து ஆறு பேரை முன்னுக்கு அனுப்பினார். எரிக் டெஜார்டன் சமன் செய்தார், ஓவர்ரைம் தொடங்கி 51 வினாடியில் அவரே முடித்தும் வைத்தார். அன்றைய மூன்று மொன்றியல் கோலும் அவருடையவை. மொன்றியல்காரர்கள் முன்கூட்டியே ஸ்ரிக்குகளை இரகசியமாக அளந்துவிட்டார்கள் என்று லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இன்னும் சொல்வார்கள். அடுத்த இரண்டு ஆட்டமும் ஓவர்ரைம், இரண்டையும் ஜோன் லெக்ளேர் முடித்தார். ஜூன் 9 இல் 4-1 என்று வென்று 24ஆவது கிண்ணம். அன்றிரவு மொன்றியல் நகரத்தில் கடைகள் உடைந்தன, பொலிஸ் கார்கள் எரிந்தன. வென்றதற்கே இவ்வளவு.

டெமேர்ஸ் 2005 இல் வெளியிட்ட வாழ்க்கைக் கதையில் ஒன்றைச் சொன்னார். தனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குடித்துவிட்டு அடிக்கிற தகப்பன் இருந்த வீட்டில், பள்ளிக்கூடத்தில் மனம் நிற்கவில்லை. அதை மறைத்து மறைத்தே என்.எச்.எல். அணிகளை நடத்தியிருக்கிறார். ஒரு பக்கத்தை வாசிக்க முடியாத மனிதர், முழு அரங்கும் பார்க்க, விதிப்புத்தகத்தில் இருந்த அரை அங்குலத்தை நம்பித் துணிந்து நின்றார். 1993 ஐப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஆகப் பெரிய சங்கதி இதுதான்.

அப்புறம் கடிவாளம் வந்தது. 1994 இலையுதிர் காலத்தில் முதலாளிமார் அரங்குகளைப் பூட்டினார்கள், பாதிப் பருவம் போனது. அந்தக் குறைப் பருவத்தின் கிண்ணத்தை நியூ ஜேர்சி எடுத்தது, நடு ஐஸில் வலை விரித்துக் காத்திருந்து எதிரணியை மூச்சுத் திணறவைக்கும் ஆட்டத்தால். மற்றவர்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். கோலிகளின் கவசமும் பெருத்தது. 1997-98 இல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி ஐந்தேகால் கோல் அளவில் வந்து நின்றது. புதுமுக வீரர்களில் அலெக்சாண்டர் ஒவெச்கின்கூட முதல் பருவத்தில் 52 தான். செலானேயின் 76ஐ நெருங்க இன்னும் ஆள் வரவில்லை.

ஊர்களுக்கும் நல்லது நடக்கவில்லை. கனேடிய டொலர் விழுந்துகொண்டிருந்தது, சின்ன ஊர்களால் சம்பளம் கட்ட முடியவில்லை. 1995 இல் கியூபெக் அணி கொலராடோவுக்குப் போனது. அடுத்த வருடம் வினிபெக் அணி அரிசோனாவுக்கு. அதற்கு முன்னரே செலானேயை விற்றுவிட்டிருந்தார்கள். 1995 டிசம்பரில் மொன்றியல், ஒன்பது கோல் வாங்கும்வரை றுவாவை வெளியே எடுக்காமல் நிற்கவைத்தது. இனி உங்களுக்கு ஆடமாட்டேன் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். சில நாட்களில் அவரும் கொலராடோவில். 1996 ஜூனில் கொலராடோ கிண்ணத்தை வென்றபோது கோலில் றுவா, நடுவில் லின்ட்றோஸுக்குப் பதிலாக வந்த அந்தப் போர்ஸ்பேர்க். கியூபெக் நகரத்து ரசிகர்கள் அதை ரீவியில் பார்த்தார்கள்.

1993 க்குப் பிறகு 2025 வரை எந்தக் கனேடிய அணியும் கிண்ணத்தைத் தொடவில்லை. லீவ்ஸ் இறுதிக்கே போகவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைவிட மோசமான லீவ்ஸ் ரசிகர்கள், அவர்கள் பிறந்தது இந்த ஊரில், வேறு வழியில்லை. எத்தனையோ சித்திரைகளில் முதல் சுற்றிலேயே மனம் உடைந்து நின்றார்கள். பாவம், அவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு கெரி பிறேசர்கூடக் கிடைக்கவில்லை.